"கூட யாரு வந்திருக்காங்க?" தனியா வர்ற வயசானவங்களுக்கு ஆஸ்பத்திரியில படுக்கை கிடையாதா?

#1 குடியாத்தம்_பேத்தி

எங்க ஆயாவுக்கு 74 வயசு. குடியாத்தம் பக்கத்துல ஒரு ஊர். நாப்பது வருஷம் பீடி சுத்துனவங்க. தாத்தா போய் பதினோரு வருஷம் ஆவுது. அவங்களுக்கு எங்க அப்பா ஒரே பிள்ளை, அவரும் இப்ப இல்ல. நானும் அம்மாவும் பெங்களூர்ல இருக்கோம். ஆயாவை வரச் சொன்னா, "மூணாவது மாடியில உக்காந்து நான் யாரோட பேசட்டும்"னு கேக்குறாங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

போன மாசம் கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. எங்களுக்குச் சொல்லாமலே காலையில பஸ் ஏறி ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. பேர் இங்க வேண்டாம். சீட்டு வாங்கி, மூணு மணி நேரம் உக்காந்து, டாக்டரைப் பாத்தாச்சு. அவர் நல்லபடியா பாத்து, உடனே சேரணும்னு எழுதியும் கொடுத்திருக்காரு. அந்தச் சீட்டை எடுத்துகினு வார்டுக்குப் போனா முதல் கேள்வி, "கூட யாரு வந்திருக்காங்க?" யாரும் இல்லன்னு சொல்லியிருக்காங்க. "ஆளைக் கூட்டிகினு வாம்மா, ஆள் இல்லாம சேர்க்க முடியாது."

ஆயா சண்டை போடுற ஆள் இல்ல. சீட்டை மடிச்சு சுருக்குப்பையில வச்சுகினு திரும்பி பஸ் ஏறிட்டாங்க. மூணாம் நாள் ராத்திரி மூச்சு விட முடியல. பக்கத்து வீட்டுப் பையன் 108க்கு போன் பண்ணி, அவனே கூடப் போயி இன்னொரு ஆஸ்பத்திரியில சேர்த்தான். நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு, இதயம் பலவீனமா இருக்குன்னாங்க. ஆறு நாள் படுக்கை. பொழச்சுட்டாங்க.

அந்தப் பையன் வந்ததும் கதவு திறந்துச்சு. நோயாளி அதே ஆயாதானே? இடையில மாறினது என்ன? கூட ஆள் இருந்தாத்தான் வைத்தியம்னு எங்கயாவது சட்டம் இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 ரிட்டையர்டு_நர்ஸ்_அரக்கோணம்

படிச்சிட்டு கொஞ்ச நேரம் போனைக் கீழ வச்சிட்டேன் கண்ணு. அந்தக் கேள்வியை நானே ஆயிரம் தடவை கேட்டிருக்கேன். 31 வருஷம் அரசு வேலை.

ஏன் கேக்குறோம்னு உள்ளது உள்ளபடி சொல்றேன். ராத்திரி டூட்டியில ஒரு பெரிய வார்டுக்கு ரெண்டு நர்ஸ் இருந்தா அது நல்ல நாள். ரத்தம் எடுத்து லேபுக்குக் கொண்டுபோறது யாரு, ரிப்போர்ட் வாங்கிட்டு வர்றது யாரு, ஸ்கேனுக்குத் தள்ளுவண்டியைத் தள்றது யாரு, பாத்ரூமுக்குக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறது யாரு, கஞ்சி வாங்கி ஊட்டுறது யாரு? எல்லாமே கூட வந்த ஆள்தான். சம்பளம் வாங்காத ஒரு ஊழியர் ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்துலயும் தரையில பாய் விரிச்சுப் படுத்திருக்காங்க. அவங்களை எடுத்துட்டா நம்ம வார்டு ஒரு நாள் கூட ஓடாது. அதனாலதான் ஆள் இல்லாத கிழவியைப் பாத்தா ஊழியருக்குப் பயம் வருது. ராத்திரி பாத்ரூம்ல விழுந்துட்டா பழி யார் மேல வரும்னு யோசிப்பாங்க.

நான் சொன்னது காரணம். இதை நியாயம்னு சொல்ல மாட்டேன். உங்க ஆயாவைத் திருப்பி அனுப்பினது தப்பு.

இன்னொண்ணு. "கையெழுத்து போட ஆள் வேணும்"னும் சொல்லுவாங்க. சுயநினைவோட இருக்குற வளர்ந்த மனுஷிக்கு அவங்க சம்மதம்தான் சம்மதம். 2008ல உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல இதைத் தெளிவா சொல்லியிருக்கு. நினைவோட இருக்கக்கூடிய பெண்ணுக்குப் பதிலா அவங்க அம்மா கொடுத்த சம்மதம் செல்லாதுன்னு தீர்ப்பு. 74 வயசு ஆனதால அந்த உரிமை போயிடாது. ஆனா நம்ம ஊர்ல தலை நரைச்சா போதும், டாக்டர் நோயாளியை விட்டுட்டுப் பக்கத்துல நிக்கிறவங்க முகத்தைப் பாத்துத்தான் பேசுறாரு.

#3 பாலாற்றங்கரை

தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. ஆயாவுக்கு நடந்தது கொடுமை. ஆனா எல்லாத்துக்கும் அரசாங்கத்தைக் கேட்டா எப்படி? பெத்து வளர்த்தவங்களைப் பாத்துக்கிறது பிள்ளைங்க வேலை. எங்கப்பா வாணியம்பாடியில தோல் மண்டியில மூட்டை தூக்குனவர். கடைசி ரெண்டு வருஷம் படுத்த படுக்கை. நானும் என் வீட்டுக்காரியும்தான் பாத்தோம். ஒரு பைசா எவன்கிட்டயும் கேக்கல. நாளைக்கு ஆஸ்பத்திரியே ஆள் போட்டுப் பாத்துக்கும்னு ஆயிடுச்சுன்னா, பிள்ளைங்க கொண்டுவந்து போட்டுட்டுப் போயிடுவாங்க. இப்பவே அப்படித்தான் நடக்குது.

#4 குடியாத்தம்_பேத்தி

அண்ணா, நீங்க பாத்துகினீங்க, பெரிய விஷயம். ஆனா ஒண்ணு கேக்குறேன். அந்த ரெண்டு வருஷம் உங்க வீட்டுக்காரி வேலைக்குப் போனாங்களா? பெத்தவங்களைப் பாக்க அவங்கம்மா வீட்டுக்குப் போனாங்களா? ஒரு பைசா கேக்கலைன்னு நீங்க சொல்றதுல அவங்க உழைப்பும் இருக்கு, அதுக்குக் கூலி யாரும் போடல.

பிள்ளையே இல்லாதவங்க, பிள்ளையைப் பறிகொடுத்தவங்க எல்லாம் எங்க போவாங்க? எங்க ஆயாவுக்குப் பெத்த பிள்ளை இல்ல இப்போ.

#5 திங்கள்மனு

நான் வேலூர் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல, சத்துவாச்சாரியில, மனு எழுதுறவன். திங்கக்கிழமை குறைதீர் நாள்ல வர்றவங்கள்ல வயசானவங்கதான் அதிகம். அதனால இந்தச் சட்டத்தை நான் படிச்சே ஆக வேண்டியிருந்துச்சு.

2007ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். 60 வயசு ஆன எல்லாருக்கும் பொருந்தும். பிள்ளைங்ககிட்ட ஜீவனாம்சம் கேக்குற சட்டம்னு மட்டும்தான் இதை ஜனங்களுக்குத் தெரியும். 20ஆம் பிரிவை யாரும் படிக்கிறதில்ல. அரசு ஆஸ்பத்திரியும், அரசு பணம் வாங்குற ஆஸ்பத்திரியும் மூத்த குடிமக்கள் எல்லாருக்கும் இயன்ற வரைக்கும் படுக்கை தரணும். அவங்களுக்குத் தனி வரிசை வைக்கணும். மாவட்ட ஆஸ்பத்திரியில முதியோர் வைத்தியத்துல அனுபவம் உள்ள டாக்டர் தலைமையில தனி வசதி வைக்கணும். இவ்வளவும் அதுல இருக்கு. கூட ஆள் இருந்தாத்தான்னு ஒரு வார்த்தை அதுல கிடையாது.

"இயன்ற வரைக்கும்"ங்கிற வார்த்தைதான் ஓட்டை. எல்லாரும் அதுக்குள்ள நுழைஞ்சுக்குறாங்க. அதனால அதோட நிறுத்திடாதீங்க. அவசர நிலையில வந்தவருக்குச் சிகிச்சை தர அரசு ஆஸ்பத்திரி தவறினா, அது அரசியல் சட்டத்தோட 21ஆம் பிரிவு தர்ற உயிர் வாழும் உரிமையை மீறுனதாகும்னு உச்ச நீதிமன்றம் 1996ல மேற்கு வங்க வழக்குல சொல்லியிருக்கு. படுக்கை இல்லைன்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைக்கழிக்கப்பட்ட ஒரு கூலித் தொழிலாளியோட வழக்கு அது.

பாலாற்றங்கரை அண்ணனுக்கு: பிள்ளைங்க பொறுப்புன்னு நீங்க சொல்றதை இதே சட்டமும் சொல்லுது. ஆனா பிள்ளைங்கன்னா அதுல மகன், மகள், பேரன், பேத்தி நாலு பேரும் அடக்கம். வயசுக்கு வந்த பேத்தியும் பொறுப்பாளிதான். பிள்ளை இல்லாதவங்களுக்கு, அவங்க சொத்து யாருக்குப் போய்ச் சேருமோ அந்தச் சொந்தக்காரர் பொறுப்பு. பிள்ளைங்க செய்ய வேண்டியதை ஒரு அத்தியாயத்துல எழுதி, அரசாங்கம் செய்ய வேண்டியதை அடுத்தடுத்த அத்தியாயத்துல எழுதியிருக்காங்க. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணைத் தட்டிக் கழிக்க முடியாது.

#6 குடியாத்தம்_பேத்தி

பேத்தியும் பொறுப்பாளின்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சது நல்லதுதான். கோவத்துல இந்த இழையை ஆரம்பிச்சேன், என் பங்கு என்னன்னு யோசிக்கவே இல்ல. மாசம் பணம் அனுப்புறேன், அதோட முடிஞ்சதுன்னு இருந்துட்டேன். ஆயாவுக்கு அன்னைக்குப் பணம் தேவைப்படல. பையில ரெண்டாயிரத்துச் சொச்சம் இருந்துச்சு. பக்கத்துல நிக்க ஒரு ஆள்தான் இல்ல.

#7 தமிழய்யா_காட்பாடி

வணக்கம். எனக்கு வயது 76. அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்களைப் பற்றி நீங்கள் பேசிக்கொண்டிருப்பதை இரண்டு நாளாகப் படித்துவருகிறேன். நாங்களும் இங்கேதான் இருக்கிறோம் என்று சொல்லத் தோன்றியது.

என் மனைவிக்கு மறதி நோய் வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். நல்லவன், தினமும் பேசுகிறான். அவளைக் குளிப்பாட்டுவது, சோறு பிசைந்து ஊட்டுவது, இரவில் கதவைப் பூட்டிச் சாவியை மறைத்து வைப்பது எல்லாம் நான்தான். "நீங்க யாரு சார், எங்க வீட்டுக்காரர் இன்னும் வரலையே" என்று மாலையானால் என்னிடமே கேட்பாள். வந்துவிடுவார் அம்மா என்று சொல்லி உட்கார வைப்பேன்.

சென்ற ஆண்டு எனக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். கூட யார் வருவார்கள் என்று கேட்டார்கள். நான் பதிலுக்குக் கேட்டேன்: நான் இங்கே படுத்தால் வீட்டில் அவளோடு யார் இருப்பார்கள்? அந்தக் கேள்விக்கு அங்கே எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. இன்றுவரை அறுவை செய்யவில்லை. பெல்ட் கட்டிக்கொண்டு நடமாடுகிறேன்.

எனக்கு ஓய்வூதியம் உண்டு. என் நிலையில் பணம் தடையில்லை. நான்கு நாள் அவளைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஓர் இடம் வேண்டும். முதியோர் இல்லங்கள் சிலவற்றில் விசாரித்தேன். மறதி நோய் என்றதும் மறுத்துவிட்டார்கள். மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேர் தங்கும் அளவில் முதியோர் இல்லம் அமைக்கலாம் என்று மேலே நண்பர் சொன்ன அதே சட்டத்தில் படித்தேன். என்னைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டோம். நாங்கள் ஆதரவற்றவர்கள் அல்லர் என்று எழுதிவிடுவார்கள். கணவனுக்கு மனைவியும் மனைவிக்குக் கணவனும் ஆதரவு. இருவரும் ஒரே சமயத்தில் தளர்ந்துவிட்டால்?

#8 மாத்திரைப்பை

ஐயா, படிக்கவே மனசு கஷ்டமா கீது. நான் பேரணாம்பட்டு பக்கம். மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுபோற தன்னார்வலர். 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்சாங்களே, அந்தத் திட்டம்தான். மகளிர் குழுவுல இருந்து எங்களை எடுத்தாங்க.

நான் போற வீடுங்கள்ல பாதியில கிழவனோ கிழவியோ மட்டும்தான் கீறாங்க. பிள்ளைங்க ஓசூரு, பெங்களூரு, சென்னை. மாத்திரையைக் கையில கொடுத்துட்டு வந்துடலாம், அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அந்த ஆயாங்க வுட மாட்டாங்க. "கொஞ்சம் குந்து கண்ணு, டீ வைக்கிறேன்"னு சொல்லுவாங்க. குந்துனாத்தான் தெரியும், போன மாச மாத்திரை அப்படியே டப்பாவுல கீது. கேட்டா, மாத்திரை போட்டா ராத்திரி அடிக்கடி ஒண்ணுக்கு வருது, கக்கூசு வெளிய கீது, இருட்டுல வுழுந்துடுவேன்னு போடறதில்ல. இது எந்த ரிப்போர்ட்லயும் வராது.

அதே திட்டத்துல பிசியோதெரபி பண்றவங்களும், படுத்த படுக்கையா இருக்குறவங்களைப் பாக்க நோய்த் தணிப்பு நர்ஸும் வீட்டுக்கே வருவாங்க. நிறைய பேருக்கு இது தெரியாது, கேட்டா வருவாங்க. உங்க ஊர் துணை சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சு வையுங்க. ஐயா, அம்மாவுக்கும் கேட்டுப் பாருங்க. நாலு நாள் தங்கிப் பாத்துக்க முடியாது, ஆனா வாரத்துல ஒரு முகமாவது வரும்.

ரேஷனுக்கும் சொல்றேன். பீடி சுத்துன கையில ரேகை தேஞ்சு போச்சு, மிஷின்ல விழ மாட்டேங்குதுன்னு எத்தனை ஆயாங்க திரும்பி வந்தாங்க. இப்போ 2025 ஆகஸ்ட்ல இருந்து தாயுமானவர் திட்டத்துல வயசானவங்க வீட்டுக்கே அரிசி சர்க்கரை வருது. எங்க தெருவுல வண்டி வந்த அன்னைக்கு ஒரு தாத்தா வேட்டியை மாத்திக் கட்டிகினு வாசல்ல நின்னாரு, விருந்தாளி வர்ற மாதிரி.

#9 பாலாற்றங்கரை

பேத்தி கேட்டதை என் வீட்டுக்காரிகிட்ட வாய்விட்டே கேட்டுட்டேன். அவ கொஞ்ச நேரம் எதுவும் சொல்லல. அப்புறம், அவங்கம்மா கடைசியா படுத்தப்போ பத்து நாள் கூட பக்கத்துல இருக்க முடியலைன்னு சொன்னா. இத்தனை வருஷத்துல இதை அவ என்கிட்ட சொன்னதே இல்ல.

பிள்ளைங்க கடமைங்கிறதை நான் விட மாட்டேன். ஆனா தமிழய்யா எழுதினதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

மனு எழுதுற அண்ணனுக்கு ஒரு கேள்வி. எங்க பெரியம்மா மூணு வருஷம் முன்னாடி வீட்டைப் பெரிய மகன் பேருக்கு தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துட்டாங்க. இப்போ அவங்களுக்கு மாட்டுக் கொட்டகைதான் இடம். எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதானா? உதவித்தொகைக்கு மனு போட்டப்போ, "மகன் இருக்கான்ல"ன்னு தள்ளிட்டாங்க.

#10 திங்கள்மனு

பத்திரத்தைக் கையில எடுத்து, கடைசி வரைக்கும் பராமரிக்கணும்னு நிபந்தனை இருக்கான்னு முதல்ல பாருங்க. நான் முன்னாடி சொன்ன 2007 சட்டத்தோட 23ஆம் பிரிவுப்படி, அந்த நிபந்தனையோட எழுதிக் கொடுத்து, வாங்குனவர் பாத்துக்கலைன்னா, தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தையே செல்லாதுன்னு அறிவிக்கலாம். நிபந்தனை வேணும்னு 2022ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. 2025 ஜனவரியில இன்னொரு வழக்குல, இது முதியவங்களைக் காப்பாத்த வந்த சட்டம், தாராளமா பொருள் கொள்ளணும், வீட்டைத் திருப்பி ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவு போடலாம்னு சொன்னாங்க. அதனால நிபந்தனை இல்லைன்னாலும் மனுவைப் போடுங்க. என்ன பேச்சுல எழுதிக் கொடுத்தாங்க, யார் யார் சாட்சி எல்லாத்தையும் எழுதுங்க.

தீர்ப்பாயம்னா பயப்பட வேண்டாம். கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான். குடியாத்தத்துலயும் இருக்கு, வேலூர்லயும் இருக்கு. வாணியம்பாடின்னா இப்போ திருப்பத்தூர் மாவட்டம், அந்த மாவட்டத்து ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகணும். பெரியம்மாவே போடலாம், முடியலைன்னா அவங்க அதிகாரம் கொடுத்த ஆள் போடலாம். ஜீவனாம்சம் மாசம் 10,000 ரூபா வரைக்கும் கிடைக்கும். மகனுக்கு நோட்டீஸ் போன நாள்ல இருந்து 90 நாளைக்குள்ள முடிக்கணும்னு சட்டம். உத்தரவு திருப்தியா இல்லைன்னா 60 நாளைக்குள்ள கலெக்டர்கிட்ட மேல்முறையீடு. முதியவரைத் தவிக்க விட்டுட்டுப் போனா 24ஆம் பிரிவுல மூணு மாசம் வரைக்கும் ஜெயில், அல்லது 5,000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும் சேர்த்து.

ஆனா இந்த வாசல்ல உக்காந்து பாத்ததைச் சொல்றேன். மனு எழுதச் சொல்லி வர்ற பத்துத் தாய்ல ஏழெட்டுப் பேர், பிள்ளை பேரை எழுதற இடம் வந்ததும் பேனாவைப் பிடிச்சுக்குறாங்க. "ஜெயிலுக்கு மட்டும் போகக் கூடாதுப்பா"ன்னு சொல்லுவாங்க. ஒரு அம்மா எழுதி முடிச்ச மனுவை வாங்கி நாலா மடிச்சு இடுப்புல சொருகிட்டு வீட்டுக்கே போயிட்டாங்க. அதனால பெரியம்மா என்ன நினைக்கிறாங்கன்னு முதல்ல அவங்ககிட்ட கேளுங்க. வீடு திரும்ப வேணுமா, சோறு மட்டும் போதுமா, உங்க வீட்டுலயே இருக்க இஷ்டமா? நீங்க கோவப்பட்டு மனு போட்டு, அங்க வந்து அவங்க "எனக்கு ஒரு குறையும் இல்ல சாமி"ன்னு சொல்லிட்டா மனு அதோட முடிஞ்சிடும்.

உதவித்தொகைக்கு மறுபடியும் இ-சேவையில பதியுங்க. அதுக்குத் தனி வட்டாட்சியர், சமூகப் பாதுகாப்புத் திட்டம்னு ஒருத்தர் இருக்காரு. 2023 ஆகஸ்ட்ல 1,000 ரூபா 1,200 ஆச்சு. மகன் பாத்துக்கலைங்கிறதுக்கு ஆர்.டி.ஓ. கிட்ட போட்ட மனு நகலையே ஆதாரமா இணைச்சுடுங்க. தள்ளினா எழுத்துல காரணம் கேளுங்க. வாயால சொல்ற பதிலை வாங்கிட்டு எழுந்து வராதீங்க.

#11 ரிட்டையர்டு_நர்ஸ்_அரக்கோணம்

வாயால சொல்ற பதிலை வாங்காதீங்கன்னு அண்ணன் சொன்னது ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். ஆள் இல்லைன்னு சேர்க்க மறுத்தா, டாக்டர் எழுதுன சீட்டைக் காட்டி, "சேர்க்க முடியாதுன்னு இதுலயே எழுதிக் கொடுங்க"ன்னு கேக்கணும். எழுத மாட்டாங்க. அப்போ நிலைய மருத்துவ அலுவலர் அறை எங்கன்னு கேட்டு நேரா அங்க போகணும். சுகாதார உதவி எண் 104க்கும் போன் பண்ணலாம். முதியோர் உதவிக்குன்னே 14567 இருக்கு, காசில்லாத அழைப்பு, காலையில 8 மணியில இருந்து ராத்திரி 8 வரைக்கும்.

ஆனா மூச்சு வாங்குற ஒரு கிழவி இவ்வளவும் கேப்பாளா? நான் சொல்ற வழியெல்லாம் தெம்பு உள்ளவங்களுக்கான வழி. எனக்கே அது தெரியுது. ஆஸ்பத்திரிதான் மாறணும். ஆள் இல்லாம வர்ற முதியவங்களுக்குன்னு ஷிப்ட்டுக்கு ரெண்டு பராமரிப்புப் பணியாளரைப் போட்டா போதும். பெரிய கட்டடம் எதுவும் கேக்கல. 1978லயே சென்னை அரசு பொது மருத்துவமனையில முதியோருக்குன்னு தனி புறநோயாளிப் பிரிவு ஆரம்பிச்ச மாநிலம் இது. கிண்டியில 2024ல தேசிய முதியோர் நல மருத்துவமனையே திறந்தாச்சு. ஒடுகத்தூர் மலையடிவாரத்துல இருந்து ஒரு தாத்தா கிண்டிக்குப் போக முடியுமா? இங்க வேணும்.

#12 குடியாத்தம்_பேத்தி

நேத்து ஊருக்கு வந்தேன். இந்த இழையை ஆயாவுக்கு முழுசா வாசிச்சுக் காட்டினேன். தமிழய்யா எழுதினதை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. அப்புறம் கேட்டாங்க, "அந்தம்மாவுக்குப் பீடி சுத்தத் தெரியுமா? நான் வேணா நாலு நாள் போயி குந்தினு கெடக்குறேன், அவரு ஆபரேஷன் பண்ணிக்கட்டும்."

ஐயா, அவங்க சும்மா சொல்லல, நெஜமாவே கேக்கச் சொன்னாங்க. அவங்க உடம்பு தேறணும், டாக்டர் சரின்னு சொல்லணும், அதனால உடனே முடியாது. ஆனா எங்க அம்மா வர்றேன்னு சொல்றாங்க. உங்க சம்மதம் இருந்தா தனிச்செய்தியில நம்பர் அனுப்புங்க.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஆயா பேர்லயே மனு எழுதியாச்சு. தேதி, சீட்டு நம்பர், டாக்டர் சேரச் சொல்லி எழுதினது எல்லாம் போட்டோம். நான் கையெழுத்து போட வந்தேன். "எதுக்கு நீ, என்னையத்தானே அனுப்பிச்சாங்க"ன்னு பேனாவை வாங்கி அவங்களே போட்டாங்க. மெதுவா, ஒவ்வொரு எழுத்தா.

#13 தமிழய்யா_காட்பாடி

அம்மா, எண் அனுப்பியிருக்கிறேன். ஆயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என் மனைவிக்குப் பீடி சுற்றத் தெரியாது. பூத்தொடுக்கத் தெரியும், அது மட்டும் இன்னும் மறக்கவில்லை. வருபவரிடம் கால் கிலோ மல்லியும் ஒரு நார்க்கட்டும் வாங்கி வரச் சொல்லுங்கள். அவளோடு சேர்ந்து தொடுத்தால் அந்நியர் என்று நினைக்கமாட்டாள்.